பதின்மூன்று வரிசை

கத்திரி தொடங்கி நான்காம் நாள்.
படுக்கையறை ஏசி செத்து ஆறாம் நாள்.
கையில் இருப்பது முப்பத்தோராயிரம்.
குளிர்விக்க வேண்டியவை இரண்டு:
ஒன்றில் நாங்கள் தூங்குகிறோம்,
மற்றதில் நான் விழித்திருக்கிறேன்.

போன ஞாயிறு இருங்காட்டுக்கோட்டையில்
ஐந்தாவது சுற்றில் ஆயில் முள்
நூற்று முப்பத்தெட்டைத் தொட்டது.
பக்கத்தில் தண்ணீர் முள் நடுவிலேயே நின்றது,
தங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனதுபோல.
எபநேசர் டிப்ஸ்டிக்கை இழுத்து முகர்ந்தார்.
பால் அடிப்பிடித்த வீட்டுக்குள் நுழைந்தவர் முகம்.
“ஆயில் இல்லக்கா இது, வெந்நீர்.
ஒரு கூலர் போட்டுடுங்க.”

புதுப்பேட்டை.
கதவுமேல் கதவு, கதவுமேல் கதவு.
விழி பிடுங்கிய முகப்பு விளக்குகள் கயிற்றில்.
ஜக்கரியா பாய் போன வருஷக் காலண்டரை விரித்து
அதன்மேல் மூன்றை வைத்தார்:
பத்து வரிசை, பதின்மூன்று, இருபத்தைந்து.
நெருக்கமாய்ப் பல் வைத்த அலுமினியச் சீப்புகள்.
பெரியதில் கை வைத்தேன்.
பந்தியிலும் எனக்கு இதே வியாதி.

மூலையில் நான்காவது ஒன்று கிடந்தது,
விலை பாதிகூட இல்லை.
“அது வேணாம்மா” என்றார் விற்கிறவரே.
கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினார்.
ரேகைகளுக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ மின்னியது.
“பேரிங் போன வண்டியோடது.
எத்தன வாட்டி கழுவினாலும் உள்ள கொஞ்சம் நிக்கும்.
ஒரு நா உங்க இன்ஜின் குடிச்சிரும்.”

பிறகு கேட்டார்: “எங்க ஓட்டுவீங்க?”
“இருங்காட்டுக்கோட்டை.”
“வருஷத்துக்கு?”
“ரெண்டு ஞாயிறு.”
“மீதி?”

நான் கணக்குத் தணிக்கை செய்பவள்.
மீதி எங்கே என்று
எத்தனையோ வியாபாரிகளைக் கேட்டிருக்கிறேன்,
அவர்கள் கூரையைப் பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன்.
கூரையில் சிலந்தி வலையும்
ஒரு ஸ்டியரிங் வளையமும் இருந்தன.
“தரமணி. வேளச்சேரி. விஜயநகர் சிக்னல்.”

“அப்ப இருபத்தஞ்சு எதுக்கு?
மார்கழி காலையில ஆயிலு தூங்கி வழியும்.
சூடேறாத ஆயில்ல தண்ணி தங்கும்மா.
எண்பது வரைக்கும் வழிய மூடி வைக்க
ஒரு தெர்மோஸ்டாட் தட்டு போட்டுக்கோங்க.
இந்தப் பதிமூணு போதும்.”

போதும் என்று விற்பவர் சொல்லிக் கேட்டது
அன்றுதான்.

எபநேசர் மல்லாந்து படுத்து
பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே
ஜாண் போட்டு அளந்தார்.
“கீழ வச்சா காத்து நல்லா வரும்.
ஸ்பீட் பிரேக்கரும் நல்லா வரும்.”
ஐப்பசியில் எங்கள் தெரு எவ்வளவு ஆழம்
என்பதும் அவருக்குத் தெரியும்.
மேலே போயிற்று.
ஹாரன் இடம் மாறி இடது சக்கரத்தருகே
ஜலதோஷக் குரலில் பேசியது.
குழாய், கிளாம்ப், கூலி, புது ஆயில்:
முப்பதாயிரத்து நானூறு.

விஜயநகர் சிக்னலில் பதினொரு நிமிடம்.
முன்னால் ஒரு பேருந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.
காற்று வராத கூலர் வெறும் தகரம்.
எடை குறைக்க ஏசியைக் கழற்றியிருந்தார்
எனக்கு முந்தைய ஓனர், அவர் எங்கிருந்தாலும் வாழ்க.
நூற்று நாலு. நூற்று ஆறு.
முழங்கை வியர்வை கியர்மேல் சொட்டியது.

இரவு, அக்கரை தாண்டிச் சாலை திறந்தது.
மூன்று, நான்கு, ஐந்து.
தொண்ணூற்று மூன்றில் முள் உட்கார்ந்தது,
சாப்பிட்டு முடித்த ஆள்போல.
கோவளம் வரை
அதை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன்.
கடல் பக்கத்தில் எங்கோ இருந்தது.

வீட்டில், பெயரிலேயே சூரியனை வைத்திருக்கும்
இளம்பரிதி
ஹால் தரையில் படுத்திருந்தார்,
மார்மேல் ஈரத்துண்டு.
இருட்டிலிருந்து கேட்டார்: “எவ்வளவு?”
“தொண்ணூத்தி மூணு.”
விசிறி நாலைந்து முறை சுற்றியது.
“ஆயிரமா?”
“டிகிரி.”

ஒன்றும் சொல்லவில்லை.
துண்டில் ஈரம் மிச்சமிருந்த பாதி
என் பக்கம் வந்தது.